வலது பக்கத்து ஜன்னல்

என் காரின் வலது பக்கத்து ஜன்னல் காலை ஏழு மணிக்கு இறங்காது. மத்தியானம் மூன்று மணிக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும். இதை ஒரு மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நானும் அப்படிப் பார்க்கப்பட்டவள்தான்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டே கதவு, தாழ்ந்த முகப்பு, இருபத்தைந்து வருடப் பழசான ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் செய்தது. யாரோ ஆசைப்பட்டு இறக்குமதி செய்து, நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், ஐம்பதைத் தொடப் போகிறவள். வீடு பெங்களூரு அல்சூரில், பள்ளி பிரேசர் டவுனில். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கார் மூன்றாவது கியரைப் பார்ப்பதே அபூர்வம். "குண்டுச் சட்டியில குதிரை ஓட்டுறா" என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வாங்கிய அன்று சொன்னது வேறு. "வேலியில போன ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டா."

அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. ஆனாலும் எனக்கு அந்தக் கார் வேண்டும். வீடு அவர் பெயரில் இருக்கிறது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் குடும்பத்துக்கு. நகை மகளுக்கென்று எடுத்து வைத்தாகிவிட்டது. வேறு யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாமல், என் ஆசைக்கு மட்டும் என்று நான் வாங்கியது வாழ்க்கையில் இது ஒன்றுதான். காலையில் சாவியைத் திருகி அது உறுமும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை.

என் கணவர் நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் காரில் அவர் ஏறுவதே அபூர்வம். ஏறினால் கிணற்றில் இறங்குகிறவர் போல் ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டு இறங்குவார். "ரெண்டு பேர் இருக்கதுக்கு ஒரு காரு, கேட்டியா" என்பார். எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

அக்டோபரில் வலது ஜன்னல் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஏறும்போது இழுத்து இழுத்து ஏறும். ஒருநாள் பாதியில் சாய்ந்து நின்றுவிட்டது. ஊரின் தெற்கே அடுகோடியில் கார்களுக்கு மின்சார வேலை மட்டும் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சக ஆசிரியை சொல்ல, அவரிடம் கொண்டு போனேன். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வீட்டில் உருது, கடையில் தமிழும் கன்னடமும். கதவின் உள்பக்கத் தட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தூக்குகிற கம்பியின் பிளாஸ்டிக் உருளை தேய்ந்துவிட்டது என்றார். அந்த உருளை இங்கே எங்கும் கிடைக்காது. பக்கத்து லேத்துக்காரரிடம் நைலான் கட்டையைக் கொடுத்து, அதே அளவில் ஒன்று கடைந்து வாங்கி மாட்டினார். மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்தார். சுவிட்சின் முனைகளையும் தேய்த்துத் துடைத்தார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த வேலை வந்தது. இந்தக் காரின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கண்ணாடி தன்னந்தனியாக மேலே போய்க் கூரை ரப்பரில் பதிய வேண்டும். கொஞ்சம் அதிகமாக உள்ளே சாய்ந்தால் கதவை மூடும்போது ரப்பரைக் கடிக்கும். கொஞ்சம் குறைந்தால் மழை உள்ளே வரும், ஓடும்போது காற்று விசிலடிக்கும். கதவின் அடியில் சாய்வுக்கு இரண்டு போல்ட், எவ்வளவு உயரம் போகலாம் என்று நிறுத்துவதற்கு இரண்டு போல்ட். ஒன்றைத் திருகினால் இன்னொன்று மாறிவிடும்.

"பேப்பர் இருக்கா மேடம்" என்று கேட்டார். பையில் மிஞ்சிப்போன வினாத்தாள் இருந்தது. அதை நீளமாகக் கிழித்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, வெளியிலிருந்து இழுத்தார். சும்மா வந்தால் கண்ணாடி சரியாகப் பதியவில்லை. வரவே வராவிட்டால் அதிகம் அழுத்துகிறது. பிடித்துக்கொண்டே வர வேண்டும். கண்ணாடியின் விளிம்பு முழுக்க இப்படி இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் நின்றேன். என் வினாத்தாளுக்கு இவ்வளவு மரியாதை என் வகுப்பில் கிடைத்ததில்லை.

வேலை முடிந்தபோது ஜன்னல் ஒழுங்காக ஏறி இறங்கியது. ஆனால் இறங்கும்போது மட்டும் ஒரு கீச்சுச் சத்தம். "ரப்பர் காஞ்சிருக்கு மேடம். போகப் போகச் சரியாயிடும். இல்லன்னா அடுத்த தடவ வரும்போது சிலிகான் ஸ்ப்ரே அடிச்சு விடுறேன்" என்றார். அன்று சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருளை, போல்ட், வினாத்தாள், கீச்சுச் சத்தம். ரப்பர் காய்ந்திருக்கிறதாம் என்றும் சொன்னேன். சிலிகான் ஸ்ப்ரேயைச் சொன்னேனா என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் கீச்சுச் சத்தம் போய்விட்டது. மெக்கானிக் சொன்னபடியே ஆயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

டிசம்பர் வந்தது. பெங்களூரு டிசம்பர் காலையில் காருக்குள் ஏறி உட்கார்ந்து நாலு மூச்சு விட்டால் போதும், கண்ணாடியெல்லாம் மங்கிவிடும். என் காரின் ஏ.சி. எப்போதோ செத்துவிட்டது. ஜன்னலை இறக்கினால்தான் பனிப்படலம் விலகும், பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியும். ஒருநாள் காலை சுவிட்சை அழுத்தினேன். மூன்று விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், முனகியது. நாலாவது தடவை மோட்டார் சூடாகி அதுவே அணைந்துகொண்டது. அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்து அழுத்தினேன். ஒன்றுமே நடக்காதது போல் இறங்கி ஏறியது.

இப்படியே ஒரு வாரம். இடது ஜன்னலில் எந்தக் கோளாறும் இல்லை. அடுகோடிக்கு மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பள்ளி விட்ட பிறகுதான் போக முடிந்தது. மூன்று தடவையும் ஜன்னல் அவர் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மீட்டரை வைத்துப் பார்த்தார், பேட்டரி சரி. ரிலேயை மாற்றினார். வயரைப் புதிதாக இழுத்தார். மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

"நீங்க தொடுறதுக்கு முன்னாடி காலையில ஓடிட்டுதான் இருந்துச்சு. மோட்டாரப் பிரிச்சப்போ நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க" என்றேன். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "சும்னே மோட்டார் மேல பழி போடாதீங்க மேடம். கண்ணால பாக்காத நோய்க்கு நான் என்னா வைத்தியம் பண்றது" என்றார், குரலை உயர்த்தாமலே. நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை அது நடந்தது. கண்ணாடி மங்கியிருந்தது, ஜன்னல் இறங்கவில்லை. முழங்கையால் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டு போனவள், ஏரி ரோட்டில் வலது பக்கம் திரும்பினேன். பக்கத்தில் வந்த ஸ்கூட்டரை நான் பார்க்கவே இல்லை. பால் பாக்கெட் அடுக்கிய ஸ்கூட்டர். அந்த மனிதர் காலை ஊன்றி நிறுத்திவிட்டார், பால் பெட்டி ஒன்று மட்டும் ரோட்டில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கன்னடத்தில் என்னைத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். கீழே குனிந்து பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். "கிறிஸ்துமஸ் லீவுக்குள்ள இந்த ஜன்னல் சரியாகலன்னா கார வித்துடுறேன். ஒரு ஆளக் கொன்னுட்டு அப்புறம் வருத்தப்பட முடியாது."

"அதுதான் நல்லது" என்றார் என் கணவர். பேப்பரைத் திருப்பினார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லியிருக்கலாம். ஓணான் மடியை விட்டு இறங்கினால் போதும் என்று இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். வாங்குவதற்கு ஆளும் இருந்தது. இரண்டு மாதம் முன்பு காரின் வைப்பரில் ஒரு இளைஞர் சீட்டுச் செருகிவிட்டுப் போயிருந்தார், விற்பதாக இருந்தால் கூப்பிடச் சொல்லி, போன் நம்பரோடு. அந்தச் சீட்டை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். என் கணவர் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

லீவு விடுவதற்கு முந்தைய வாரம் அடுகோடிக்காரரே போன் செய்தார். நான் கத்திவிட்டு வந்த பிறகு அவரிடம் நான் பேசவில்லை. "மேடம், வெள்ளிக்கிழம சாயங்காலம் வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க. சனிக்கிழம காலையில ஏழு மணிக்கு நான் வந்து பாக்குறேன். நீங்களும் வாங்க. அப்பவும் ஓடுச்சுன்னா நான் இந்த வண்டியத் தொட மாட்டேன்" என்றார். அதில் ரோஷம் இருந்தது. எனக்கும் அந்த ஜன்னல் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்றிருந்தது.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது ஃபிரிட்ஜிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பையில் போட்டேன். முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் அங்கிருந்தே அந்த இளைஞருக்குப் போன் செய்துவிடலாம், வீட்டுக்கு வந்தால் மனம் மாறிவிடும் என்பது என் கணக்கு. அடுப்படியில் என் கணவர் எண்ணெய் பாட்டிலை வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்திக்கொண்டிருந்தார். டிசம்பரில் தினமும் அவர் செய்கிற காரியம் அது, குளிப்பதற்கு முன்னால் தலைக்கு வைத்தாக வேண்டும். நான் சீட்டை எடுப்பதைப் பார்த்தார். "இன்னைக்கேவா" என்று கேட்டார். "பாக்கலாம்" என்றேன். அவர் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுகோடியில் கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது. கார் வெளியில் பனியில் நனைந்து நின்றது. மெக்கானிக் மப்ளர் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினார். மூன்று விரல் இறங்கி நின்றது. இன்னொரு தடவை. முனகியது. அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். "சிக்கிட்டான்" என்றார்.

தட்டியைக் கழற்றினார். கண்ணாடியைக் கம்பியிலிருந்து விடுவித்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அது தங்குதடையில்லாமல் ஓடியது. "பாத்தீங்களா, மோட்டார் மேல தப்பில்ல" என்று என் பக்கம் பார்க்காமல் சொன்னார். பிறகு கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே தள்ளினார். அசையவில்லை. கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் துணி ஒட்டிய ரப்பர் இருக்கும். அதற்குள் விரலை விட்டு வழித்தெடுத்தார். விரல் நுனியில் வெள்ளையாக, தூசி கலந்து, கெட்டியாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார். என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மேடம், இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்."

தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு டிசம்பரிலும் ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்கிற கேள்வி இது. சென்னையில் வருடம் முழுக்க நீராக இருக்கிற தேங்காய் எண்ணெய் நம்மூரில் ஏன் காலையில் உறைந்துபோகிறது, மத்தியானம் ஏன் உருகுகிறது? உருகுநிலையைப் பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். மூன்று வாரமாக என் காரின் கதவு இதையே எனக்குத் தினமும் செய்துகாட்டிக்கொண்டிருந்தது. வேதியியல் டீச்சருக்குத் தெரியவில்லை.

"நான் போடல" என்றார் மெக்கானிக் அவசரமாக. "என் கடையில தேங்கா எண்ணெய் கெடையாது."

"தெரியும்" என்றேன். அவர் விரலில் இருந்த வெள்ளையில் சின்னதாகப் பழுப்பு நிறத்தில் ஒரு இழை ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எடுத்துப் பார்த்தேன். கோழி இறகின் நுனி.

எங்கள் வீட்டில் பின்வாசல் பக்கம் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் கோழி இறகு ஒன்று எப்போதும் நிற்கும். கதவுக் கீல், பூட்டு, தையல் மெஷின், கேட்டுத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் அந்த இறகால் எண்ணெய் விடுவது என் கணவரின் வேலை. அவர் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான், அங்கே அது உறைவதும் இல்லை. நான் சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்கு நடந்து போவேன். கார் வீட்டில் நிற்கும். கீச்சுச் சத்தம் போன காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருக்கிறது.

மெக்கானிக் இடது கதவையும் பார்த்துவிடலாம் என்று பள்ளத்தில் விரலை விட்டார். சுத்தமாக இருந்தது. "ஒரு பக்கம் மட்டும்தான் போட்டிருக்காங்க" என்றார்.

சோப்பு கரைத்த வெந்நீரைக் கொண்டு வந்து, குச்சியில் துணியைச் சுற்றிப் பள்ளம் முழுக்கத் துடைத்தார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்து துடைத்தேன். காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடித்தார். கண்ணாடியைக் கம்பியில் மாட்டினார். கழற்றிப் பூட்டியதால் சாய்வை மறுபடி சரிபார்க்க வேண்டும். "பேப்பர் இருக்கா மேடம்" என்றார். பையில் வினாத்தாள் எதுவும் இல்லை, அந்தச் சீட்டு மட்டும்தான் இருந்தது. கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே நீளவாக்கில் கிழித்து, ரப்பரில் வைத்துக் கதவை மூடி இழுத்தார். பாதி வந்து அறுந்தது. "இன்னும் அரைத் திருகு விடணும்" என்று போல்ட்டைத் தளர்த்தினார். மிச்சத் துண்டு பிடித்துக்கொண்டே வந்தது.

கிளம்பும் முன்னால் சொன்னேன். "நாலு பேர் முன்னாடி உங்களப் பேசிட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல மேடம்" என்றார். மப்ளரை அவிழ்த்துக்கொண்டே, "வீட்டுல யாரையும் திட்டாதீங்க" என்றும் சொன்னார்.

திட்டுவதாகத்தான் இருந்தேன். அல்சூர் வரும்வரை என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்று வாரம் என்னைப் பைத்தியமாக அடித்தது, ஒரு நல்ல வேலைக்காரரைக் கடைவாசலில் அவமானப்படுத்த வைத்தது, ஒரு பால்காரரை ரோட்டில் தள்ளப் பார்த்தது. சொல்வதற்கு நிறைய இருந்தது. வீட்டுக்குள் போனபோது அவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை குளித்துக் காய்ந்திருந்தது. பேப்பர் முதல் பக்கத்திலேயே இருந்தது.

"போன் பண்ணிட்டியா அவனுக்கு?" என்று கேட்டார்.

"இல்ல. ஜன்னல் சரியாயிடுச்சு."

"நெசமாவா? என்ன கோளாறாம்?"

"தேங்காய் எண்ணெய்."

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மெதுவாகச் சொன்னார். "நான் சூடாக்கித்தான் விட்டேன்."

என்னால் திட்ட முடியவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. "எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"நீ ரப்பர் காஞ்சிருக்குன்னு சொன்னதுலேருந்து. சனிக்கெழமை சனிக்கெழமை. நிக்க ஆரம்பிச்ச பொறவு கொஞ்சம் கூடவே விட்டேன். நீ வித்துருவேன்னு சொன்ன வாரம் மூணு நாளு விட்டேன்."

"விக்கறதுதான் நல்லதுன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். உனக்கு ஆபத்துன்னா வேற என்ன சொல்ல?" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "வித்துட்டு நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு ஆட்டோவுல போறத யாரு பாக்கது?" என்றார்.

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கையில் இன்னும் சோப்பு வாசனை இருந்தது. "ஏன் வலது பக்கம் மட்டும் விட்டீங்க? இடது பக்கத்த விட்டுட்டீங்களே?"

இதையெல்லாமா கேட்பது என்பது போல் என்னைப் பார்த்தார். "நீ அந்தப் பக்கம்தானே இருக்க."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நல்ல குளிர். காரில் ஏறிக் கதவை மூடிச் சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி நிற்காமல் அடிவரை இறங்கியது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மேலே பால்கனியில் அவர் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், எங்கேயோ பார்ப்பது போல. நான் ஜன்னலை முழுக்க ஏற்றி, அவர் பார்க்கும்படி இன்னொரு தடவை இறக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.